தாரிணியின் செருப்பு போகாத வண்டி: நாவலூரிலிருந்து மாமல்லபுரம் வழியாகச் செங்கல்பட்டு

பழைய டூரிங் பைக் ஒன்று வாங்கி, பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் போக ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது பின்சீட்டைப் பற்றி.

என் மகள் தாரிணிக்கு எட்டு வயது. பதினோரு மாதங்களுக்கு முன்பு சிங்கப்பெருமாள் கோவில் அருகே எங்கள் பழைய பைக்கின் பின்சக்கரத்தில் அவளுடைய இடது குதிகால் மாட்டிக்கொண்டது. ஏழு தையல். வண்டியில் சாரி கார்டு இருந்திருந்தால் மாட்டியிருக்காது. புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் இருக்க இடப்பக்கம் மாட்டித் தருவார்களே, அந்தக் கம்பித் தடுப்பு. வண்டி எடுத்த அன்றே அதைக் கழற்றச் சொன்னவள் நான்தான். "நான் இன்னா பொடவையா கட்டினு ஓட்டப் போறேன்?" என்று மெக்கானிக்கிடம் பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

காயம் ஆறிவிட்டது. ஆனால் தாரிணி அதன்பிறகு எந்த இருசக்கர வண்டியிலும் ஏறவில்லை. பழைய பைக்கை விற்றுவிட்டேன். வண்டி ஓட்டாமல் எனக்குக் கை நமநமத்தது உண்மை. இவள் இப்படியே பயந்துகொண்டு வளர்ந்துவிடுவாளோ என்று தூக்கம் வராததும் உண்மை. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வண்டியை அவள் பார்த்துச் சொல்வாள். வேண்டாம் என்றால் பஸ்ஸில் திரும்பிவிடுவோம், மறுபடி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 8.10 மணிக்குச் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். பையில் இரண்டு ஹெல்மெட். நம்பிக்கைதான், வேறென்ன.

பொத்தேரியில் ஒரு கல்லூரி மாணவனின் வண்டி. பார்க்கப் பளபளவென்று இருந்தது. "செம்ம கண்டிஷன்க்கா, கண்ண மூடினு எடுக்கலாம்" என்றான். சாரி கார்டு எங்கே என்றேன். "அதெல்லாம் மொத நாளே கடாசிட்டேன்க்கா. வண்டியோட லுக்கே போயிடும்." நானே பேசுவதுபோல இருந்தது. இதற்குள் தாரிணி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். இடது கால் செருப்பைக் கழற்றி, கால் வைக்கும் இடத்திலிருந்து சக்கரத்தை நோக்கித் தள்ளினாள். அது தாராளமாக உள்ளே போனது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

வண்டலூர் வந்து, பஸ் மாறி, நாவலூர் சேரும்போது மணி 11.40. வண்டிக்காரர் சேகர் அந்த ஊர்க்காரர்தான், ஐடி கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறார். நான்கு வருடப் பழைய வண்டி, 21,000 கிலோமீட்டர் ஓடியது. இதிலும் சாரி கார்டு இல்லை. சரி, பஸ்தான் என்று நினைத்தேன். இருந்தாலும் கேட்டு வைத்தேன்.

"கயட்டிட்டேன் மேடம். ஆனா தூக்கிப் போடல, வூட்டு பரண்ல கீது. அந்தக் குப்பைய எறின்னு எங்க வூட்ல நாலு வருசமா திட்டிகினு கீறாங்க."

பேப்பர் சுற்றிய பொட்டலத்தோடு இறங்கிவந்தார். ஒரு போல்ட் குறைந்தது. தன் வேனிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினார். "டூரிங் வண்டிக்கு இத போட்டா பசங்க சிரிப்பானுங்களே?"

"சிரிக்கட்டும்ணா" என்றேன்.

தாரிணி குந்தினாள். செருப்பைத் தள்ளினாள். கம்பியில் இடித்து நின்றது. மேலிருந்து, பின்னாலிருந்து, செருப்பைத் திருப்பிப் பிடித்து என்று நான்கு முறை தள்ளிப் பார்த்தாள்.

"போவலமா" என்றாள். பிறகு, "என் ஹெல்மெட்ட குடு."

72,000 கேட்டார், 68,000-க்கு முடிந்தது. ஆர்.சி., இன்சூரன்ஸ் சரிபார்த்து, பெயர் மாற்றத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பும்போது 1.15. கேளம்பாக்கம், கோவளம், அங்கிருந்து கடற்கரைச் சாலை. மாமல்லபுரம்வரை 33 கிலோமீட்டர், வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. கேளம்பாக்கம்வரை என் இடுப்பை நசுக்கிவிட்டாள். கோவளம் தாண்டிக் காற்று அடித்தபோது பிடி தளர்ந்தது. ஏதோ பாட்டு முணுமுணுப்பதுபோலக் கேட்டது.

மாமல்லபுரத்தில் ஆளுக்கோர் இளநீர், ஐம்பது ரூபாய். வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள், "பழைய வண்டில இந்தக் கம்பிய நீதானமா கயட்டின?"

அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. "ஆமாண்டி. நான்தான்."

"இத கயட்ட மாட்டல்ல?"

"மாட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வழுக்கையைத் தின்றாள். தெரிந்தால் திட்டுவாள் என்று பத்து மாதம் பயந்தவளுக்கு அந்தத் தலையாட்டலே போதுமாக இருந்தது. இளநீர்க்காரர் பார்க்கப் பார்க்க அழுதேன். அப்படி ஒரு நிம்மதி.

திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர், 4.20-க்கு வீடு. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வண்டி பார்க்கப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில் முழுதாகப் பதியவேண்டும். எட்டவில்லை என்றால் வளரும்வரை காத்திருங்கள். வலது காலில் சூடு படாமல் சைலன்சருக்கு மூடி இருக்கிறதா பாருங்கள். அரை மணிக்கொரு முறை நிறுத்துங்கள், பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். சாரி கார்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தது. தாரிணி ஹெல்மெட்டோடு வாசலுக்கு ஓடி டிரைவரிடம் கத்தினாள்: "நீ போண்ணா, நான் அம்மா வண்டில வரேன்!"