பெயர் இருந்த இடம்

என் கணவருக்குப் பழைய சாமான் கடை. காரைக்குடியைச் சுற்றி இடிபடும் வீடுகளிலிருந்து வருவதை வாங்கி விற்பார். எதையும் விற்றுவிடுவார், ஒரு வாளைத் தவிர. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுச் சாமி அறையிலிருந்து வந்தது அது. வளைந்த உருக்கு, அலகில் தங்கத்தில் அரபு எழுத்து. எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள், இரும்பில், என்று நான் சொல்லிக் காட்டாத உறவுக்காரர் கிடையாது.

கொஞ்ச காலமாக அவருக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. முதலில் சாவி வைத்த இடம், பிறகு தெரு, பிறகு பிள்ளைகள். வாளைக் கையில் கொடுத்து, அதைப் பற்றிக் கேட்க யாராவது இருந்தால் மட்டும் ஆள் பழையபடி ஆகிவிடுவார். அதனால்தான் அந்த எழுத்தைப் படித்துச் சொல்ல, அரபி சொல்லிக்கொடுக்கும் ஹஜ்ரத் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். எழுத்தின் மேல் எனக்கென்ன ஆசை. அந்தத் தெளிவு இருக்கும்போதே என்னைப் பார்த்து ஒரு தடவை என் பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசைதான்.

என் கணவர் மடியில் இருந்த வாளின் அலகை ஹஜ்ரத் வெளிச்சத்துக்குத் திருப்பி விரலால் தடவினார்.

"அமல்னு இருக்கு. சட்டம் அமலுக்கு வந்துச்சுங்கிறோம்ல, அதே சொல்லுதான். வேலைன்னு அர்த்தம். இன்னார் செஞ்ச வேலைன்னு எழுதுவாக. இதுல அந்த இன்னார் யாருங்கிறதுதான் அழிஞ்சு போச்சு."

"சாமி கும்பிட்டே அழிச்சுட்டாக," என்றார் என் கணவர், பளிச்சென்று. "ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அந்த எடத்துலதான் சந்தனம் வப்பாக. பெறகு புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேய்ப்பாக. தேய்ச்சா தங்கம் நிக்குமா? எழுத்து மாதிரியே இரும்புல பள்ளம் வெட்டி, தங்கக் கம்பிய உள்ள வச்சுத் தட்டுனதுதான, தேயத் தேயக் கழண்டுரும்."

இப்படிக் கோவையாக அவர் பேசி எத்தனை நாளாயிற்று. அலகில் நீரோட்டம் போல ஓடும் கோடுகளைக் காட்டி, அது மேல்பூச்சு இல்லை, உருக்கின் உடம்பிலேயே இருப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். வேண்டுமென்றே அவர் எதிரில் போய் நின்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஹஜ்ரத் பக்கம் சாய்ந்து, மரியாதையாகக் கேட்டார்.

"இவுக யாரு? தெனமும் நமக்குக் காப்பி கொண்டாந்து தாராக."

தம்ளரை எடுக்கப்போன ஹஜ்ரத் கையை இழுத்துக்கொண்டார். பெண்டாட்டி என்று நான் சொல்லியிருக்கலாம். முன்பு ஒரு முறை சொன்னேன். தெரியாமப் போச்சே, தெரியாமப் போச்சே என்று அன்று முழுக்க அழுதார். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் திராணி இல்லை.

"பக்கத்து வீடு," என்றேன்.

அவர் வாளை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். வெயில் இறங்கியிருந்தது.

"பொழுது சாயுது தாயி. வெரசாப் போங்க. ஒங்க வீட்டுக்காரவுக தேடுவாக."