பிரதி எடுக்காத சாவி

ஓரின் ட்வைட் காற்றாலைகளின் இறக்கைகளைப் பழுது பார்ப்பவர். ஐம்பத்தெட்டு வயது, வேன்தான் வீடு. அமெரிக்காவில் இந்த வாரம் மினசோட்டா, அடுத்த வாரம் டகோட்டா. ஊர் மாறும்போதெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரின் இணைய முகவரியும் மாறும். ஆனாலும் கனடாவில் சஸ்காட்டூனில் இருந்த அவருடைய இணையத் தோழி கோரா பன்னிரண்டு வருடங்களில் ஒருநாள்கூட அவரைத் தவறவிட்டதில்லை. அவர்கள் எழுத்தில் அரட்டை அடித்த வலையில் நடுவே சர்வர் கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் புது முகவரியை மற்றவற்றிடம் சொல்லி, தன் டிஸ்க்கில் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால், அதாவது ஒரு நீண்ட எண்ணால், கையெழுத்துப் போடும். கையெழுத்து ஒத்துப்போனால் அதே ஆள்.

அங்கே போன் நம்பரோ போட்டோவோ கேட்பது அநாகரிகம். ஓரின் இன்னும் ஒரு படி மேல். சாவிக்குப் பிரதியே எடுக்கமாட்டார். கோராவையும் நச்சரித்து வைத்திருந்தார்: "வேற சாவியோட எவனாவது வந்து நான்தான் ஓரின்னு சொன்னா நம்பாத. நம்ம கதையெல்லாம் சொன்னாலும் நம்பாத. மெஷினைத் திருடினவனுக்கும் அதெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

மார்ச் மாதம் மினசோட்டாவின் பெமிட்ஜி ஊரில் வேனின் கூரை ஒழுகி கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்தது. சாவியும் அதோடு போயிற்று. மனிதர் புது டிஸ்க் போட்டு, புதுச் சாவி உண்டாக்கி, கோராவுக்கு எழுதினார். பதில் இல்லை. அவளுடைய நாயின் முடமான காலைப் பற்றி எழுதினார், அவள் அம்மா செத்த வாரத்தைப் பற்றி எழுதினார். காலையில் அவளோடு எழுத்தில் பேசாத நாட்களில் அவருக்கு யாரோடும் ஒரு வார்த்தை பகிர வேலையே இருக்காது. அப்படிப் பத்தொன்பது நாட்கள் போயின. வேலைக்குக்கூடப் போகாமல் அதே இடத்தில் கிடந்தார்.

"இன்னும் கெளம்பலையா ஓரின்? வேனுக்கு வேரு விட்டிருச்சா?" என்றாள் வேன் நிறுத்துமிடத்தை நடத்தும் டார்லீன்.

"ஒரு பதிலுக்காகக் காத்திருக்கேன்."

"போன் போட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"நம்பர் கிடையாது."

"பன்னெண்டு வருஷப் பழக்கம்னீங்க. உங்க மூஞ்சியாவது தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாது."

டார்லீனுக்குக் கிண்டல் வற்றிவிட்டது. காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

மறுநாள் கோராவிடமிருந்து பதில் வந்தது.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இவ்வளவு விவரம் தெரிஞ்சிருக்குன்னா ஓரினோட மெஷின் உங்க கையிலதான் இருக்கணும். தயவுசெஞ்சு அதை அவர்கிட்டயே குடுத்துருங்க. பாவம், என்னை விட்டா அவருக்குப் பேச ஆள் கிடையாது."