கேமராவுக்கு வைத்த பொட்டு

ஒரு விரல் நம்மை நோக்கி வருகிறது. முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக, கடைசியில் திரை முழுக்க அந்த விரல் மட்டும்தான். நுனியில் குழைத்த சந்தனம். விரலுக்குப் பின்னால் ஒரு முகம். அப்போதுதான் குளித்து நாமம் போட்டுக்கொண்ட, நரைத்த மீசை வைத்த முகம். கண்கள் பாதி மூடியிருக்கின்றன, உதடுகள் எதையோ முணுமுணுக்கின்றன. சந்தனம் கண்ணாடியில் பதிகிறது, அதன் மேல் குங்குமம் பதிகிறது, திரை சிவந்துபோகிறது. இந்த வீடியோவை ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில், உதட்டில் தையலோடு நின்று பார்த்தேன். ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஆனாலும் என் அண்ணியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள் முகம் அல்ல, அந்த விரல்தான்.

நாத்தனார் உட்கார்ந்து அண்ணியைப் புகழ்ந்து எழுதுகிறாள் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், புத்தூருக்கு அருகே இருக்கிறது. தமிழில் சண்டை போட்டுவிட்டுத் தெலுங்கில் மனு எழுதும் ஊர். எங்கள் வீட்டுக்குச் சொந்தமாகக் கையகல நிலம்கூட இருந்ததில்லை. இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். எங்களிடம் கொடுப்பதற்குக் கையும் காலும்தான் இருந்தன. அண்ணன் குவைத்துக்குப் போனான். நான் ரேணிகுண்டா பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அண்ணி சத்தியவேட்டுப் பெண். பட்டப்படிப்பு முடித்து, தினமும் சென்னைக்கு பஸ் பிடித்துப் போய் கம்ப்யூட்டரும் கற்றிருந்தாள். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. எங்கள் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி வரும் பஸ்களை ஒரு முதலாளி காண்டிராக்ட் எடுத்து ஓட்டினார். அவருடைய ஆபீசில் உட்கார்ந்து, பஸ்களில் பொருத்தியிருந்த கேமராக்கள் காட்டுவதைத் திரையில் பார்க்க வேண்டும், விபத்து ஏதாவது நடந்தால் பதிவுகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். அம்மா அதை ஒரே நாளில் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். “எம் மருமவ காலையில போயி சாயங்காலம் வரைக்கும் டிவி பாத்துக்கினு வரா. அதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களாம்.”

ஒவ்வொரு பஸ்ஸிலும் முன்கண்ணாடிக்கு உள்ளே, சாலையைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கும். அது பார்ப்பதோடு கேட்கவும் செய்யும். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. வண்டியின் வேகம், பிரேக் மிதித்தது, இண்டிகேட்டர் போட்டது, கதவு திறந்தது, எங்காவது மோதினால் அந்த அதிர்ச்சி, எல்லாம் அதில் பதியும். டிரைவர்களுக்கு இது பெரிய வயிற்றெரிச்சல். அவர்கள் கேமராவுக்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். “மாமியாரு பாத்துக்கினு கீறா, பீடியக் கீழ போடு” என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். ஒருவர் அதன் மேல் துண்டைப் போட்டு மூடுவார். இன்னொருவர் கூரையைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, ரோடு குலுங்கியதில் தானாகத் திரும்பிக்கொண்டது என்று சாதிப்பார். அண்ணி பஸ் ஷெட்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். எங்கள் பஸ்ஸை ஓட்டிய டிரைவர் ஏர்பேட்டுக்காரர், எல்லோரிலும் மூத்தவர். நாங்கள் டிரைவர் அண்ணா என்போம். அவர் மட்டும் நேருக்கு நேராகவே கேட்டார். “இன்னா மா, எங்க மேல நம்பிக்கை இல்லாமத்தானே மாமியாரை ஏத்தி உட்டீங்க?”

அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. “எனக்கும் வூட்ல ஒரு மாமியார் கீறாங்கண்ணா. எந்நேரமும் என்னையேதான் பாத்துக்கினு கீறாங்க. ஆனா தெருவுல எவனாவது என்னை ஒரு வார்த்தை சொன்னான்னு வெச்சுக்கோங்க, மொதல்ல வெளக்குமாத்தோட போறது அவங்கதான்” என்றாள். டிரைவர்கள் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, துண்டை எடுக்கவில்லை.

துண்டு போனது வேறு விஷயத்தால். எந்த டிரைவர் எங்கே டீ குடிக்க நிறுத்துகிறார் என்று பதிவுகளிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. சம்பளத்தில் பிடிப்பதற்குத்தான். அண்ணி முடியாது என்றாள். “விபத்துக்குன்னு வெச்சது சார். டீக்கடையை வேவு பாக்க ஆரம்பிச்சா மூடி வெப்பாங்க. அப்புறம் விபத்து அன்னிக்கு நமக்கு இன்னா தெரியும்?” வீட்டில் அம்மாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள், முதலாளியிடம் இப்படிப் பேசினாள் என்பதை நான் முதலில் நம்பவே இல்லை. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் விட்டுவிட்டார். செய்தி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு பஸ்ஸாகத் துண்டுகள் காணாமல் போயின. ஓடும் வண்டியின் டிரைவருக்கு ஆபீசிலிருந்து யாரும் போன் செய்யக் கூடாது என்று அவள் அடுத்து ஒரு சட்டம் போட்டபோது, டிரைவர் அண்ணா அவளுக்கு ஏர்பேட்டிலிருந்து ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வருஷ ஆயுத பூஜையை ஷெட்டில் அமர்க்களமாகச் செய்தார்கள். வாழைக்கன்று, சாமந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பூஜை முடிந்து பஸ்கள் அங்கேயே நின்றன. மறுநாள் விஜயதசமிக்கு எங்கள் தொழிற்சாலைக்கு லீவு கிடையாது. காலை ஷிஃப்டுக்கு நான் டிரைவர் அண்ணாவின் பஸ்ஸில், அவர் சீட்டுக்குப் பின்னால் தோழியோடு உட்கார்ந்து, அண்ணி கட்டிக் கொடுத்த சுண்டலைத் தின்றுகொண்டு வந்தேன். தொழிற்சாலை ரோட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்ததால் டிரைவர் அண்ணா நடு ரோட்டில் இண்டிகேட்டர் போட்டு நிறுத்திக் காத்திருந்தார். திடீரென்று நீளமாக ஒரு ஹாரன் சத்தம். அவ்வளவுதான். என் உதடு முன் கம்பியில் மோதிக் கிழிந்தது. எதிரில் திருப்பதியிலிருந்து திரும்பிய ஒரு வேன், டிராக்டரை முந்த வந்து எங்கள் பஸ்ஸில் மோதியிருந்தது. வேன் டிரைவருக்குக் கால் முறிந்தது. உள்ளே இருந்த பலருக்கும் அடி. யாரும் சாகவில்லை, அது எந்தச் சாமி புண்ணியமோ.

வழி அடைத்துக்கொண்டதென்று ஜனங்கள் சேர்ந்து பஸ்ஸை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எந்த வண்டி எங்கே நின்றது என்பதற்கு அடையாளமே இல்லாமல் போயிற்று. பஸ்தான் குறுக்கே திரும்பியது என்றார்கள் வேன்காரர்கள். இல்லை, நின்றுகொண்டிருந்தது என்று நாங்கள் கத்தினோம். “நீங்க அந்தாளு பஸ்ஸுல வர்றவங்க, அப்படித்தான் சொல்லுவீங்க” என்று, வந்து இறங்கிய போலீஸ்காரர்கள் எங்கள் பேச்சைத் தள்ளிவிட்டார்கள். டிரைவர் அண்ணாவை ஜீப்பில் ஏற்றினார்கள். லைசென்ஸ் போனால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

அண்ணி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முதலில் என் தாடையைப் பிடித்து, “பல்லு எல்லாம் கீதாடி?” என்று பார்த்தாள். பிறகு ஒரு கான்ஸ்டபிளைச் சாட்சிக்குக் கூடவே ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குள் போய், கேமராவின் மெமரி கார்டையும் சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியையும் கழற்றினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அன்று காலை எங்கள் பஸ்ஸின் திரை மட்டும் சிவப்பாகத் தெரிவதை அவள் ஆபீசில் பார்த்திருக்கிறாள். ஓடும் வண்டிக்கு போன் செய்யக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். பஸ் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்த அந்த நேரத்தில்தான் விபத்து நடந்தது.

எனக்குத் தையல் போட்டு முடித்ததும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். எஸ்.ஐ. வீடியோவைப் போடச் சொன்னார். திரை முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது. முன்கண்ணாடியில், கேமராவுக்கு நேர் எதிரே, காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். எஸ்.ஐ. டிரைவர் அண்ணாவை ஏற இறங்கப் பார்த்தார். “பொட்டு எந்துக்கு பெட்டாவு?” என்று கேட்டார். பொட்டு என்பது எங்கள் இரண்டு மொழிக்கும் பொதுச் சொல். அதை ஏன் வைத்தாய் என்று கேட்கிறார். “வெக்கணும்னு மனசு வந்துச்சு சார்” என்றார் டிரைவர் அண்ணா. “தப்புப் பண்ணணும்னு முன்னாடியே மூடி வெச்சிட்டியா?” என்று எஸ்.ஐ. குரலை உயர்த்தினார். முதலாளி அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டார். எனக்குக் கேட்கும் தூரம்தான். “அவனே மூடிட்டான்னு எழுதிக் குடுத்துரும்மா. நம்ம மேல ஒண்ணும் வராது. இந்த சிவப்பு வீடியோவை மட்டும் குடுத்தா போதும்.”

எங்கள் வீட்டில் அப்போது அண்ணன் பணம் ஒழுங்காக வராத காலம். அண்ணியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் நேராக எஸ்.ஐ.யின் மேஜைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “துண்டு துண்டா குடுத்தா அது சாட்சி இல்ல சார். கார்டுல இருக்கற முழுசையும் பாருங்க. நேத்துல இருந்து பாருங்க.”

அப்போதுதான் அந்த விரல் வந்தது. பூஜைக்காக எஞ்சினை ஓடவிட்டிருந்ததால் கேமராவும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டிரைவர் அண்ணா பம்பர் மேல் ஏறி நின்று, கண்ணாடி வழியாக நேராகக் கேமராவையே பார்த்தார். வெளியிலிருந்து பேசியதால் குரல் மங்கலாகக் கேட்டது: “மாமியாரு, நீ கூட நம்ம வண்டியாளுதான் மா. சல்லகா இருக்கணும்.” சல்லகா என்றால் தெலுங்கில் குளிர்ச்சியாக, நன்றாக என்று பொருள். சொல்லிவிட்டு, சாமி படத்துக்கு வைப்பதுபோல அவ்வளவு நிதானமாகப் பொட்டு வைத்தார். எஸ்.ஐ.யின் பார்வை மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரின் நெற்றிக்குப் போனது. அதிலும் நேற்று வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அவர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

“இப்ப இன்னிக்குக் காலையில உள்ளதைப் போடறேன். படத்தைப் பாக்காதீங்க சார், காதைக் குடுங்க” என்றாள் அண்ணி. சிவப்புத் திரையிலிருந்து முதலில் வந்தது என் குரல்தான். “எங்க அண்ணி வெச்ச சுண்டல்ல உப்பே இல்லடி. இத்த எப்படித் துன்றது?” பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உப்பை நாங்க வூட்ல பேசிக்கறோம். அந்த டிக்கு டிக்கு கேளுங்க சார்.” என் அசட்டுப் பேச்சுக்கு அடியில், இண்டிகேட்டர் துடிக்கும் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமும் சத்தம். டிரைவர் அண்ணாவின் குரல்: “போப்பா, நீ போ மொதல்ல.” எதிரே வந்த யாருக்கோ வழி விடுகிறார். பிறகு ஹாரன். பிறகு மோதல். அண்ணி பெட்டியின் பதிவைத் திரையில் விரித்துக் காட்டினாள். வேகத்தைக் காட்டும் கோடு அடியில் தட்டையாகக் கிடந்தது. ஜீரோ. பிரேக் மிதித்தபடி இருக்கிறது, வலது இண்டிகேட்டர் எரிந்தபடி இருக்கிறது, அதற்கப்புறம்தான் அந்த அதிர்ச்சி. நின்ற வண்டியில்தான் வந்து மோதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஜீரோ வாங்கி அடிபட்டவள் நான். ஒரு ஜீரோவைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் வேன் டிரைவரும் டிராக்டரை முந்தியதை ஒப்புக்கொண்டார். டிரைவர் அண்ணாவை அனுப்பிவிட்டார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் அண்ணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் அண்ணா அவள் முன்னால் வந்து நின்று சொன்னார்: “வெளக்குமாத்தோட வந்துட்டியே மா.” அண்ணி சிரித்தாள், அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் என் வீட்டு மனுஷி இவள் என்று எனக்கு வந்த பெருமை, இன்றைக்கும் குறையவில்லை. அம்மாவும் அன்றிலிருந்து டிவி பார்க்கிற வேலை என்று சொல்வதை விட்டாள். “எம் மருமவ போலீசுக்கே படம் காட்டினவ” என்று மாற்றிக்கொண்டாள்.

முதலாளி சில காலம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அவர் வாயாலேயே அவளை மற்றவர்களிடம் புகழத் தொடங்கினார். இப்போது பல தொழிற்சாலைகளின் பஸ்களுக்கும் சேர்த்து ரேணிகுண்டாவில் ஒரு கண்ட்ரோல் ரூம் இருக்கிறது. அதற்கு அண்ணிதான் பொறுப்பு. நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். போன ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனபோது, அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். உப்பு அளவாகப் போட்டுத்தான். சுவர் முழுக்கத் திரைகள். எல்லா ஷெட்டிலும் அப்போதுதான் பூஜை நடந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு திரையில் ஒரு விரல் வந்தது. பக்கத்துத் திரையில் இன்னொன்று. கீழே, மேலே, ஓரத்தில், எங்கு பார்த்தாலும் சந்தனம் குழைத்த விரல்கள், பாதி மூடிய கண்கள், முணுமுணுக்கும் உதடுகள். போச்சு, எல்லாத் திரையும் சிவக்கப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு விரலும் கேமராவுக்கு நேரே வந்து, நின்று, கொஞ்சம் கீழே இறங்கிப் பொட்டு வைத்தது. ஒரு திரையும் சிவக்கவில்லை.

ஒரு திரையில் மீசை முழுக்க வெளுத்த டிரைவர் அண்ணா. பொட்டு வைத்து முடித்ததும் போகவில்லை. கண்ணாடியோடு ஒட்டி நின்று, கேமராவுக்குள் குனிந்து பார்த்துக் கேட்டார்: “தெரியுதா மா?”

அங்கே அவருக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து நின்று பதில் சொன்னாள்.

“நல்லா தெரியுதுண்ணா.”