பின்கட்டு அடுப்பு

எங்கள் எதிர்வீட்டு அண்ணியை வாயில்லாப் பூச்சி என்றுதான் தெருவே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒரு நாள், அதுவும் அரசாங்கத்துக்காக.

நாடு முழுக்கத் தொழில் படுத்துவிட்ட வருஷங்கள் அவை. அப்போதிருந்த அரசாங்கம், வரவுக்குள் செலவு செய்வோம், கொஞ்சம் பொறுங்கள், எல்லாம் தானாகச் சரியாகும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே ஆட்களைக் குறைத்தது. பொறுக்கச் சொன்ன ஒருவரும் இளைத்ததாகத் தெரியவில்லை. அண்ணியின் கணவர் வேலை பார்த்த லேத் பட்டறை மூடியது. நகராட்சி நூலகத்தில் இருந்த அவருடைய தம்பிக்கும் சீட்டுக் கிழிந்தது. வாடகை கொடுக்க வழியில்லாமல் தம்பி, மனைவி மகளோடு அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

அண்ணி முகம் சுளிக்கவில்லை. எல்லாருக்கும் அளந்து போட்டார். தனக்குக் கடைசியில், அதுவும் மிச்சமிருந்தால். அந்த வீட்டை இரண்டு வருஷம் கரை சேர்த்தது அவர் கைதான்.

தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் நேர் எதிர். கடன் வாங்கியாவது செலவு செய்வோம், ஜனங்கள் கையில் காசு புழங்கினால்தான் கடைகள் திறக்கும் என்றார்கள். ஊருக்கு வெளியே கால்வாய் வெட்ட ஆள் எடுத்தார்கள். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் வேலை. குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். அண்ணனுக்குக் கிடைத்தது. தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்.

வழி சொன்னது அண்ணிதான். "பின்கட்டுல இன்னொரு அடுப்பு போடுவோம். பிரிஞ்சுட்டோம்னு எழுதிக் குடுப்போம். வேலை கிடைச்சதும் பழையபடி ஒண்ணா சாப்பிட்டாப் போச்சு."

விசாரிக்க வரும் அதிகாரி அக்கம்பக்கத்தில் கேட்பார். தெரு நம்ப வேண்டுமே, அதற்கு ஒரு சண்டை வேண்டும். என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்தார்கள். ஒத்திகை பார்க்கும்போது ஓரகத்திகள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் வாசலில் தொடங்கினார்கள். அண்ணிக்குச் சண்டை போடவே வரவில்லை. "பாத்திரம் ஏன் கழுவல?" என்று ஏதோ விலை விசாரிப்பதுபோல் கேட்டார்.

"சத்தமாக் கேளுங்கக்கா," என்று தம்பி மனைவி கிசுகிசுத்தாள்.

அண்ணி குரலை உயர்த்தினார். "ரெண்டு வருஷமா உக்காந்து சாப்பிடுறியே, ஒரு பாத்திரம் கழுவினா கை தேஞ்சா போயிடும்?"

இது ஒத்திகையில் இல்லாதது. தம்பி மனைவியின் முகம் மாறிவிட்டது. "நீங்க போட்டது சாப்பாடா? எம்பொண்ணு இன்னும் கொஞ்சம் கேட்டா உங்க கரண்டி அப்படியே நிக்கும். எத்தனை நாள் பசியோட தூங்க வெச்சிருக்கேன் தெரியுமா? நீங்க அந்தப் பழைய கவர்மெண்டுல மந்திரியா இருந்திருக்கணும்!"

தெரு கைகொட்டிச் சிரித்தது. அண்ணி வெறும் தண்ணீர் குடித்துப் படுத்த இரவுகள் எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அங்கேயே அடங்கியிருப்பாள். ஆனால் அண்ணி திரும்பி உள்ளே போய்விட்டார்.

அதிகாரி வந்தார், இரண்டு அடுப்பையும் பார்த்தார், தம்பிக்கும் வேலை எழுதிக் கொடுத்தார். சம்பளம் வந்தது, மூடிய கடைகள் திறந்தன. புது அரசாங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் அந்தச் சோறுதான். ஆனால் எதிர்வீட்டில் யாரும் பழையபடி ஒன்றாக உட்காரவில்லை. இரண்டு அடுப்பும் தனித்தனியாகவே எரிந்தன.

அடுத்த வருஷம், குடும்பத்துக்கு ஒருவர் என்ற அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். அன்று அண்ணி பெரிய பாத்திரத்தை இறக்கி, அளக்காமல் அள்ளிப் போட்டுச் சமைத்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நானும் கூடவே போக, பின்கட்டுக் கதவைத் தட்டினார்.

"எல்லாரும் வாங்கம்மா, ஒண்ணா சாப்பிடலாம். பாப்பாவுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போடுறேன்."

தம்பி மனைவி மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "நாங்க சாப்பிட்டாச்சுக்கா."

அவளுக்குப் பின்னால் உலை இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கவில்லை.