கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கண்காட்சி

தண்ணீர் வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘ஆராய்ச்சி’. குடை வாங்குவதென்றாலும் நாலு வீடியோ பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். வாங்கிய குடை ஒழுகும், அது வேறு விஷயம்.

அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே பாடநூல்களுக்குப் பக்கம் வடிவமைப்பவர். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதும், “வேலை நடுவுல அணைஞ்சு போகாம இருந்தா போதுங்க” என்றார். ஆராய்ச்சி இரண்டு மாதம் ஆராய்ந்தார். அதுவரை அந்த அம்மாள் தங்கை வீட்டுக்கு நடையாய் நடந்து வேலையை முடித்தார்.

கடையில் பாகங்களைப் பொருத்தித் தரும் பெண் அவர் நீட்டிய பட்டியலைப் படித்தாள். கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டி, வானவில் நிறத்தில் சுழலும் ஆறு விசிறிகள், கேம் பைத்தியங்கள் மட்டுமே வாங்கும் பெரிய கிராபிக்ஸ் கார்டு. பவர் சப்ளைக்கு நேரே ‘ஏதாவது’ என்று எழுதியிருந்தது.

“சார், உள்ள இருக்கற எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கறதே இதுதான். இதுல மட்டும் மட்டமானதப் போடாதீங்க.”

“மூலையில கிடக்கற டப்பாவ யாரும்மா பார்க்கப் போறாங்க? எனக்கே பாடமா?”

அவள் பில்லில் ‘வாடிக்கையாளர் விருப்பப்படி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை, அலுவலகத்து ஆட்கள் ஐந்து பேரைக் கூடத்தில் உட்கார வைத்து ஆராய்ச்சி பொத்தானை அழுத்தினார். விசிறிகள் ஜொலித்தன. “எப்படி?” என்று அவர் திரும்பிய கணம், மூலையில் கிடந்த டப்பா ‘டப்’ என்றது. கருகல் வாடை.

“புகையும் கலர்ல வரும்னு நினைச்சேன் சார்” என்றார் காசாளர்.

ஆராய்ச்சி முதலில் மின்வாரியத்தைத் திட்டினார். பிறகு பிளக்கை, பிறகு கடைக்காரப் பெண்ணை. மனைவி யாரையும் திட்டவில்லை. மறுநாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே கடைக்குப் போனார்.

“எது பிழைச்சுது?”

“மதர்போர்டு போச்சுக்கா. கார்டு தப்பிச்சுது.”

“எனக்கு எதுக்கு அது? அதையும் கண்ணாடிப் பெட்டியையும் எடுத்துக்கிட்டு, சாதாப் பெட்டியில நல்ல மதர்போர்டு, நல்ல பவர் சப்ளை, கூடக் கொஞ்சம் மெமரி போட்டுக் கொடு. ஏன் நல்லதுன்னும் சொல்லு, கேட்டுக்கறேன்.”

ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டார், குறித்தும் கொண்டார். வீட்டுக்கு வந்தது ஒரு கறுப்புப் பெட்டி. “இதுல பார்க்க என்ன இருக்கு?” என்று ஆராய்ச்சி உதட்டைப் பிதுக்கினார். “பார்க்க இல்லைங்க, வேலை செய்ய” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உட்கார்ந்தார். அந்தப் பருவத்துப் பாடநூல்கள் மூன்றும் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் அலுவலகத்து ஆட்கள் அவர் வீட்டுக்குத்தான் போன் செய்கிறார்கள். ஆராய்ச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சொல்லுங்க, என்ன வாங்கணும்?” என்பார்.

“ஒண்ணுமில்ல சார். அக்கா இருக்காங்களா?”