வாயடைத்த எச்சரிக்கை

யாராவது ஒரு சொல்லால் காயப்படுத்திவிட்டால் அஸ்ரியா அதைத் திருப்பிச் சொல்ல மாட்டாள், மறக்கவும் மாட்டாள். உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்வாள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் புத்தளத்துப் பாலாவிப் பக்கம் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்த முகாமில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயருக்கு முன்னால் ஒட்டிய பட்டம் 'அகதி'. கொட்டில் கல்வீடாகி, யுத்தம் முடிந்து, வாப்பா மன்னாரின் முசலியில் காடேறிக் கிடந்த காணியைத் திருத்தப் போன பிறகும் அந்தப் பட்டம் உதிரவில்லை. உம்மாவும் அவளும் புத்தளத்திலேயே தங்கினார்கள்.

"அந்த ஊர எனக்குத் தெரியாது வாப்பா. நான் பொறந்தது இங்க" என்றாள்.

"இங்க ஈக்கிறவங்க அத ஒத்துக்கணுமே மகள்" என்றார் அவர்.

கணினிப் படிப்பை முடித்ததும் சுஹைரின் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடி. கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள், உப்பளங்களுக்கு இருப்புப் பார்க்கும் மென்பொருள், இறால் பண்ணைகளுக்கு அபாயம் அறிவிக்கும் மென்பொருள் என்று எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டன. எழுதியவன் பெரும்பாலும் ஒரே ஆள், ஸப்ரான். கற்பிட்டியில் பரம்பரைக் காணிக்காரக் குடும்பம். கெட்டிக்காரன்தான், அதில் பொய்யில்லை. ஆனால் தனக்குப் பிறகு இன்னொரு மனுஷன் அதை வாசிப்பான் என்ற நினைப்பே இல்லாமல் எழுதுவான். ஓரிடத்தில் எழுதியதை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்டுவான். பண்ணைக்கு எழுதியதில் மருந்துக்கடையின் மிச்சம் கிடக்கும். ஒரு பெயருக்கும் அர்த்தம் இருக்காது.

அஸ்ரியா ஏதாவது கேட்டால் கதிரையைத் திருப்பாமலே, "ஓடுதுதானே? ஓடுறத நோண்டப்படாது" என்பான்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு ஹோட்டல்காரர்தான் காரியத்தைத் தொடக்கிவைத்தார். மென்பொருள் ஒன்று வேண்டும் என்று வந்தவர், "உங்கட கோட் தரமானது என்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார். சுஹைருக்குப் பதில் தெரியவில்லை. அஸ்ரியாவுக்குத் தெரிந்தது.

"அதுக்கெண்டு ஒரு கருவி ஈக்கி. ப்ரோக்ராம ஓட்டிப் பார்க்கத் தேவையில்ல. எழுதினத வாசிச்சே எங்க பிழை வரும், எங்க குப்பையா ஈக்கின்டு சொல்லும். நாங்க எழுதி ஏத்துறதுக்கு முன்னுக்கு ஒவ்வொரு முறையும் அது பார்க்கும். பிழையிருந்தா ஏத்த விடாது."

சுஹைர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஸப்ரான் சுவரைப் பார்த்தான்.

முதல்நாள் கருவியை ஓடவிட்டபோது பெரிய திரையில் சிவப்புக் கோடுகள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் எழுதியவர் பெயர் நின்றது. கருவிக்கு அது தேவையில்லை. பெயரைக் காட்டும்படி அமைத்தவள் அஸ்ரியா. திரையை வாசலுக்கு எதிரே மாட்டச் சொன்னதும் அவள்தான். தேத்தண்ணி கொண்டு வருகிறவன்கூட ஸப்ரானுடைய பெயரை வாசித்தான்.

அன்றிலிருந்து ஒபிஸுக்குள் பகை குடியேறியது. ஸப்ரான் அவளோடு நேரே கதைப்பதை விட்டுவிட்டு, அவள் காதில் விழும்படி சுஹைரிடம் கதைத்தான். அவள் கருவியின் சட்டங்களை இறுக்கினாள். ஒரு வரி இவ்வளவுதான் நீளலாம், அடைப்புக்குறி இந்த இடத்தில்தான் வரவேண்டும், பெயர் இப்படித்தான் இருக்கவேண்டும். இவற்றில் பாதி யாருக்கும் பிரயோசனமில்லாதவை என்று அவளுக்கே தெரியும். ஸப்ரானின் கை எங்கெங்கே வழக்கமாகப் போகுமோ அங்கங்கே பார்த்து முள் வைத்தாள். அவனும் லேசுப்பட்டவனா? எச்சரிக்கை வரும் ஒவ்வொரு வரிக்கு மேலேயும், 'இதைச் சோதிக்காதே' என்று கருவிக்குக் கட்டளை எழுதிவிட ஒரு வழி உண்டு. அதைக் கண்டுபிடித்தான். ஒரு கிழமைக்குள் திரை வெள்ளையாகிவிட்டது. ஒரு பிழையும் திருத்தப்படவில்லை. எல்லாவற்றின் வாயையும் பொத்தியிருந்தான்.

அவன் பொத்திய வாய்களை அஸ்ரியா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அப்படிப் பார்க்கும்போதுதான் பண்ணை மென்பொருளில் அந்த இடம் அகப்பட்டது. குளத்தில் ஒட்சிசன் குறைந்தால், பண்ணையில் பொருத்தியிருக்கும் பெட்டியிலிருந்து பண்ணைக்காரரின் போனுக்குச் செய்தி போகவேண்டும். செய்தி போகாவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் ஸப்ரான் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. இரண்டு அடைப்புக்குறி, நடுவில் வெறுமை. தவறு நடந்தால் அந்த வெறுமைக்குள் விழுந்து காணாமல் போகும். திரையில் மட்டும் 'அனுப்பப்பட்டது' என்று வரும்.

அவள் எழுந்து, எல்லோரும் இருக்கும்போதே, அண்ணன் முறை வைத்து 'நானா' என்றழைத்துக் கேட்டாள். "ஸப்ரான் நானா, வெறும் அடைப்புக்குறி போடுறதுக்கும் படிச்சிட்டா வந்தீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஸப்ரானின் முகம் கறுத்தது.

"எங்கட ஊருக்கு அகதியா வந்து, எங்கட காணியில குந்தி, இப்ப எங்கட எழுத்துக்கே சிவப்புக் கோடு போடுறீங்க. அந்தப் பண்ணைப் பெட்டி ஒரு நாள் நின்டதில்ல. போய் ஒங்கட வேலையப் பாருங்க."

சுஹைர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அஸ்ரியா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த இடத்தை அவளே திருத்தியிருக்கலாம். அரை மணித்தியால வேலைகூட இல்லை. திருத்தவில்லை. சுஹைரிடம் தனியாகவும் சொல்லவில்லை. கிடக்கட்டும், ஒரு நாள் வெடிக்கும், அன்றைக்கு இவன் மூஞ்சியைப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது.

நோன்பு வந்து போனது. ஹஜ்ஜுப் பெருநாளும் போனது.

முந்தல் பக்கம் களப்பு என்ற கடலேரியின் ஓரத்தில் இறால் பண்ணை வைத்திருந்தவள் டொறத்தி. புருஷன் செத்த பிறகு தனி ஆளாக நின்று குளங்களைப் பார்க்கிற பொம்பளை. ஒருநாள் காலை ஒபிஸ் திறந்த கையோடு படியேறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வந்தவள் யாரையும் பார்க்காமல், வாளியை ஸப்ரானின் மேசைமேல் கவிழ்த்தாள். செத்த இறால்கள் விசைப்பலகை மேலும் கடுதாசிகள் மேலும் சரிந்து தரையில் விழுந்தன. நாற்றம் அறையை நிறைத்தது.

"விடிய முந்தி ஒட்சிசன் இறங்கினா போன் அடிக்கும்னு சொல்லித்தானே இந்தப் பெட்டியப் பூட்டினீங்க? எங்க அடிச்சது? தண்ணிக்குக் காத்துக் குடுக்குற சக்கரத்துக்குப் போற வயர் எரிஞ்சு எல்லாச் சக்கரமும் நின்னு போச்சு. காவல்காரன் என்ட போனப் பக்கத்துல வச்சிட்டுப் படுத்திருக்கான். மெசேஜ் வந்தா எழும்பலாம்தானே? நான் போய்ப் பார்க்கேக்க குளம் முழுக்க வெள்ளையா மிதக்குது!"

"அக்கா, முதல்ல இருங்க" என்றார் சுஹைர்.

"இருக்க வரல்ல. பெட்டி 'அனுப்பப்பட்டது'ன்னு காட்டுது. யாருக்கு அனுப்பிச்சு? மாதாவுக்கா?"

ஸப்ரான் எழுந்து பின்னால் நகர்ந்தான். "இவ்வளவு காலமும் ஒரு பிழையும் வரல்லையே அக்கா. இவ அந்தச் சோதிக்கிற சாமானக் கொண்டுவந்து எல்லாத்தையும் கலைச்சதுக்குப் பொறகுதான் இது."

சுஹைரும் அஸ்ரியா பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கேள்வி இருக்கவில்லை, தீர்ப்பு இருந்தது.

அஸ்ரியா அலுமாரியைத் திறந்து, அதே மாதிரியான ஒரு பெட்டியை எடுத்துக் கணினியோடு இணைத்தாள். அதற்குள் இருந்த சிம்மைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அக்கா, ஒங்கட போன முன்னால வைங்க" என்றாள். பிறகு குளத்தில் ஒட்சிசன் விழுந்துவிட்டதென்று பெட்டியை நம்பவைத்தாள். திரையில் எழுத்து வந்தது: 'எச்சரிக்கை அனுப்பப்பட்டது'. போன் சும்மா கிடந்தது.

"சிம் இல்ல. எப்பிடிப் போகும்? ஒங்கட பெட்டியிலயும் ரீலோட் காசு போடாம சிம் செத்திருக்கும். மெசேஜ் போகல்லண்டா என்ன செய்யணும்டு இந்த எடத்துல எழுதணும். ஒண்டுமே எழுதல்ல. கருவி இதப் புடிச்சிச்சு. அதுக்கு வாயப் பொத்தச் சொல்லி மேல எழுதி வச்சது ஸப்ரான் நானா."

ஸப்ரான் தலையைத் தூக்கவில்லை. அஸ்ரியா காத்திருந்த மூஞ்சி அதுதான். அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

டொறத்தி திரையைப் பார்க்கவில்லை. அஸ்ரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருவி இத எப்ப புடிச்சது மகள்?"

"நோம்புக்கு முந்தி."

"பெருநாளைக்கு எனக்கு வட்டிலப்பம் அனுப்பினீங்க. அதுக்கும் முந்தியா?"

"ஓம்."

"என்ட நம்பர் உன்கிட்ட இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"ஏன் எடுக்கல்ல?"

"நான் இவர்ட்ட சொன்னேன். இவர்..."

"அவன் கேக்க மாட்டான்னு உனக்குத் தெரியும். நான் கேப்பேன்னும் தெரியும். ஒரு கோல் எடுத்திருந்தா காவல்காரனக் கண் முழிச்சிருக்கச் சொல்லியிருப்பேன்." டொறத்தியின் குரல் இப்போது உயரவில்லை. "அவனுக்குத் தெரியாது, விட்டான். உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்துக்கிட்டிருந்த. உங்க ரெண்டு பேருட சண்டைக்கு என்ட குளமா கிடைச்சிச்சு?"

அகதி என்ற சொல்லுக்கு அஸ்ரியாவிடம் எப்போதும் உள்ளே ஒரு பதில் தயாராக இருக்கும். இதற்கு எந்தப் பதிலும் இருக்கவில்லை. காலடியில் கிடந்த இறால் ஒன்றின் மீசை இன்னும் ஈரமாக இருந்தது.

டொறத்தி வெறும் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

முதலில் அசைந்தவள் அஸ்ரியாதான். அதே நிரலை வெட்டி ஒட்டி வேறு பண்ணைகளுக்கும் கொடுத்திருப்பது நினைவுக்கு வந்தது. போனை எடுத்து ஒவ்வொரு பண்ணைக்காரராக அழைத்தாள். "பெட்டிய நம்பாதீங்க. நாங்க வந்து திருத்துற வரைக்கும் ஆள் முழிச்சிருக்கணும். பிழை எங்கட." சிலர் நன்றி சொன்னார்கள். அதிகம் பேர் ஏசினார்கள். மாம்புரி ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் அவளுடைய உம்மாவையும் சேர்த்து ஏசினார். அவள் போனை வைக்காமல் கடைசிவரை கேட்டாள்.

சுஹைர் ஸப்ரானையும் அவளையும் ஒரே வேனில் ஏற்றி அனுப்பினார். பெட்டிகளின் உள் விஷயம் அவனுக்குத்தான் தெரியும். நிரலைத் திருத்துவது அவள். பண்ணை பண்ணையாகப் போனார்கள். "இந்த வயர்", "இப்ப ஓடவிடுங்க", "சரி". இந்த மூன்று பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. வரப்பில் வெயில் கொளுத்தியது. ஒரே தண்ணீர்ப் போத்தலிலிருந்து குடிக்கவும் இருவரும் விரும்பவில்லை.

டொறத்தியின் பண்ணைக்குப் போனபோது அவள் வாசலிலேயே நின்றாள். "பெட்டியக் கழட்டிக் கொண்டு போங்க. எனக்கு ஆள் போதும்" என்றாள். ஸப்ரான் கழற்றினான். குளத்தை வற்றவிட்டிருந்தார்கள், அடியில் சேறு வெடித்து நாறியது. அஸ்ரியா மன்னிப்புக் கேட்டாள். டொறத்தி அதைக் கேட்டாள். ஏற்றுக்கொண்டதாக ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் மதுரங்குளிச் சந்தியில் வேன் நின்றபோது ஸப்ரான் முதன்முறையாக வாய் திறந்தான்.

"நான் ஒன்ன அகதின்டு சொன்னத்துக்கு நீ பழிவாங்கின."

"ஓம்" என்றாள் அஸ்ரியா.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஹோட்டல்காரர் பிறகு வரவேயில்லை. கருவி மட்டும் நின்றது. அஸ்ரியா திரையை வாசலிலிருந்து கழற்றினாள், பெயர்களை நீக்கினாள், முள்ளாக வைத்திருந்த சட்டங்களை எல்லாம் அழித்தாள். வரி நீளம் எப்படிப் போனால் என்ன? ஒரு சட்டத்தை மட்டும் புதிதாகப் போட்டாள். எச்சரிக்கையின் வாயைப் பொத்துகிறவர் ஏன் பொத்துகிறார் என்று எழுதவேண்டும். இன்னொருவர் அதை வாசித்து ஒப்புக்கொள்ளவேண்டும். இருக்கிற இன்னொருவர் பெரும்பாலும் அவளோ ஸப்ரானோதான். ஆகவே விருப்பமில்லாமலே அவன் எழுத்தை அவளும், அவள் எழுத்தை அவனும் வாசிக்கவேண்டி வந்தது. அவன் அவளிடம் பிழை கண்டபோது ஒளிக்காத சந்தோஷத்தோடு சொன்னான். பல தடவை அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. அது அவளுக்கு எரிந்தது.

அவர்கள் நண்பர்களாகவில்லை. அடுத்த பெருநாளைக்கு அவன் ஒபிஸுக்கு ஸஹன் சோறு அனுப்பியபோது, அவள் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை. உப்பள மென்பொருளில் அவன் எழுதிய வரியொன்றில் கருவி மறுபடியும் சிவப்புக் கோடு போட்டது. அஸ்ரியா எழுந்து அவன் மேசைக்குப் போனாள். அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனாள்.

"இந்த எடம்" என்றாள்.

"தெரியும். போ."

அவள் போகவில்லை. கதிரைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நின்டு என்ன செய்யப் போற?"

"நீங்க திருத்துற வரைக்கும் நிப்பேன்."

ஸப்ரான் பல்லைக் கடித்தான். வாய்க்குள் ஏதோ முனகினான்; எந்தச் சொல் என்று அவளுக்குக் கேட்டது. அவள் அசையவில்லை. அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியைத் திருத்தத் தொடங்கினான்.