லாரி போவதற்கு முன்பே நான் கிளம்பியிருந்தேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டு மூடி வைத்துவிடுவேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பொய் இல்லை, முருகன் சாட்சி.

எழுபதுகளில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் வீட்டு வேலை செய்தேன். என் அக்கா கொழுந்து பறித்தாள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவில் பலகைச் சுவர்தான். நான் குழம்பு தாளித்தால் அவள் கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

அக்கா கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து வந்தவள், நான் இங்கே பிறந்தவள். அவளுக்கும் மாமாவுக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் குடிமக்களுக்கான நீலக் கார்டு. சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது மாமாவுக்குக் கிடைக்கவில்லை. ஊருக்கே திரும்புவது என்று முடிவு செய்தார்கள். நீங்களும் வாருங்கள் என்று அக்கா கெஞ்சினாள். நான் மாட்டேன் என்றேன்.

"ஆமா, உனக்கு பங்களா பெருசாப் போச்சு. துரைசானி வயித்துல பொறந்தவ மாதிரில்ல பேசுற!"

"அப்ப நீ போ லா! போயி அங்க ராணியா இரு!"

பயணம் போகிறவர்களை நாங்கள் 'போ' என்று சொல்லமாட்டோம். 'போயிட்டு வா' என்போம். பக்கத்துக் கடைக்குப் போகிறவளைக்கூட அப்படித்தான் சொல்லி அனுப்புவோம். கடல் தாண்டிப் போகிறவளை 'போ' என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பத்து நாள் பேச்சு இல்லை. புறப்படும் நாளில் அவள் நெற்றியில் விபூதி பூசி, 'போயிட்டு வா அக்கா' என்று சொல்லிவிட வேண்டும், அது போதும் என்று இருந்தேன்.

புறப்பாடு வெள்ளிக்கிழமை. தாப்பா வரை தோட்டத்து லாரி, அப்புறம் ரயில், பினாங்கில் கப்பல். லாரி பதினோரு மணிக்கு என்றார் எங்களை மேய்க்கும் கங்காணி. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். மனசு கேட்கவில்லை. கோயிலில் அவரைப் பிடித்தேன்.

"கடல் தாண்டிப் போறவங்கள ராகு காலத்துல ஏத்தலாமா கங்காணி?"

"லாரி துரையோடது. துரைக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. நீ போயி துரைசானி கோப்பையக் கழுவு."

சரி, மனுஷன் கேட்கமாட்டார் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்ததால் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நேரம் இருக்கிறதே என்று கோயிலுக்குப் போய், அக்கா பெயரில் அர்ச்சனை செய்து, விபூதியைத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்கினேன்.

லயத்து முன்னால் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. லாரிச் சக்கரத்துக்கு வைத்த பழம். பக்கத்து வீட்டு அம்மா தேங்காய்ச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கடி போன? உங்கக்கா பங்களா பாதையையே பாத்துக்கிட்டு நின்னா. கங்காணிதான் ராகு காலம் ராகு காலம்னு விரட்டி பத்தேகாலுக்கே ஏத்தி விட்டுட்டாரு."

நான் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். வாழ்நாளில் அந்த ஒரு தடவை.

ஆறு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. 'நீ வரமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன்' என்று எழுதியிருந்தாள். எனக்கு ரோஷம். நானா வராமல் இருந்தேன்? பதில் போடவில்லை. இந்தப் பாவம் என்னுடையதுதான்.

பங்களாவில் ஆங்கிலத்தைக் காதால்தான் படித்தேன். துரைசானி பேச்சில் ஓயாமல் ஒரு சின்ன 'ட்' கேட்கும். ஐட் ஜஸ்ட், ஐட் ஆல்ரெடி, ஐட் நெவர், வீட் ஆல்வேஸ். அடுப்பில் கேத்தலை வைத்தபோது மழை வந்ததைச் சொல்வதானாலும், "ஐட் ஜஸ்ட் புட் த கெட்டல் ஆன்" என்றுதான் ஆரம்பிப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழை மதியம், நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் அம்மா செத்ததைச் சொன்னார். கப்பல் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தாராம். "ஷீட் ஆல்ரெடி கான்" என்றார். அதற்கு முன்பே அம்மா போய்விட்டாராம். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கையிலிருந்த சட்டையைத் தேய்த்து மடித்துவிட்டு, "அது என்னா மேம், அந்த ட்?" என்று கேட்டேன்.

அவருக்குத் தோட்டத் தமிழ் வரும். "அது 'ஹேட்'. பேசும்போது நாங்க முழுசா சொல்றதில்லே. ஒண்ணு நடந்துச்சு. அதுக்கு முன்னாடியே இன்னொண்ணு நடந்து முடிஞ்சிடுச்சு. அந்த முன்னாடி நடந்ததுக்கு இது. ஆல்ரெடி, ஜஸ்ட், நெவர் எல்லாம் அதுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வரும்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். எப்படித்தான் வந்ததோ, வாய் தானாகச் சொன்னது. "மை சிஸ்டர், மேம். வென் ஐ கேம், ஷீட் ஆல்ரெடி கான். பட் பிஃபோர் த லோரி வென்ட், ஐட் ஆல்ரெடி ஸ்டார்ட்டட்."

நான் வந்தபோது அக்கா போயிருந்தாள், ஆனால் லாரி போவதற்கு முன்பே நான் கிளம்பியிருந்தேன். எனக்கே அப்போதுதான் அது விளங்கியது. இத்தனை வருஷம் 'வரல, வரல' என்று அவளும், 'வந்தேன், வந்தேன்' என்று மனசுக்குள் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். முன்னது எது, பின்னது எது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

"அவகிட்ட சொன்னியா?" என்றார் துரைசானி.

"இல்ல மேம்."

"எழுது. இன்னிக்கே எழுது."

அன்றே எழுதினேன். மூன்று மாதத்தில் கடிதம் திரும்பி வந்தது. அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லையாம். மறுபடி எழுதினேன், அதுவும் வந்துவிட்டது. துரைசானியும் தன் நாட்டுக்குப் போனார். அன்றைக்கு விடியும் முன்னே போய் கேட் ஓரம் நின்றுவிட்டேன். "போயிட்டு வாங்க மேம்" என்றேன். திரும்ப வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் "போயிட்டு வரேன்" என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

இப்போது அதே மலையில் கம்போங் ராஜாவில் இருக்கிறேன். அந்த விபூதி மடிப்பு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. தாள் பழுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதைத் தொட்டுக் கும்பிடுவேன், பிரிப்பதில்லை. அது அவள் நெற்றிக்கு உரியது.

அக்கா போனது துறையூர்ப் பக்கம். கேமரன் மலையிலிருந்து கப்பலில் வந்த குடும்பம் என்று சொன்னால் அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும். அவள் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்கள். படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும். என்னை நல்லவளாக்கி ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், 'போ' என்று நான் சொன்னதை மறைக்கவும் வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் நான் கிளம்பினேன், அப்புறம்தான் லாரி கிளம்பியது.

போயிட்டு வா அக்கா.